முதலில் வருகிற பக்கம்

போனில் எதையாவது தேடினால் முதலில் வருவதைத்தான் நானும் தொடுவேன், ஐயா. கீழே இறங்கிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் முதலில் வருவதற்கு நாங்கள் பாடுபட்டதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

நான் மலையில் தேயிலை மூட்டை சுமந்தவன். தோட்டத்தில் வேலை நின்றபின் இறங்கி வந்து, மணிமுத்தாறு சாலையில் முத்துமாலை வைத்தியரிடம் பச்சிலை இடிக்கச் சேர்ந்தேன். அவர் நாய்க்கடிக்குக் கஷாயம் கொடுப்பவர். நாற்பது வயதுக்கு மேல், பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப்பெயர்களைக் கூட்டிக் கூட்டித்தான் நான் எழுத்துப் படித்தேன். இடிக்கிற ஆட்களில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் வைத்தியசாலையின் இணையப் பக்கத்தையும் என் கையில் கொடுத்தார்கள்.

அதை அமைத்தவர் பாளையங்கோட்டையிலிருந்து வந்த எஸ்றா என்கிற தம்பி. நல்ல பிள்ளை.

"அண்ணாச்சி, 'விஷக்கடி நிவாரணம்'னு போட்டா எவன் தேடுவான்? சனங்க வாயால எப்படிக் கேக்காவளோ அப்படியே எழுதுங்க. நெசமான ஆளு, ஊரு, போட்டோ வேணும். வாரா வாரம் புதுசா ஏறணும். இல்லைன்னா பைய கீழ போயிரும்" என்றார்.

வாயால் எப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கூலிக்குப் போகிறவன் ஊசிக்கு அலைந்தால் அன்றைய பாடு போச்சு. 'நாய் கடிச்சா ஊசி போடாம சரியாகுமா?' என்று பக்கத்தின் தலையில் எழுதினேன். அதன் கீழே 'ஆகும்' என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் நாங்கள் மேலே ஏற ஆரம்பித்தோம்.

அடுத்து, குணமானவர்கள் அதை இணையப் பக்கத்தில் எழுதித் தர வேண்டும். முதலில் ஒரு மாதம் கழித்துப் போன் செய்து கேட்டோம். பெரும்பாலும் நல்லபடியாகத்தான் சொன்னார்கள்; கடிக்கிற நாயெல்லாம் வெறிநாய் இல்லையே. ஒரு வீட்டில் மட்டும் போனை எடுத்தவர் அழுதார். எஸ்றா அன்று மத்தியானம் சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை. இனிமேல் மூன்றாம் நாளே கேட்டுவிடலாம் என்று சொன்னது நான்தான். மூன்றாம் நாள் எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள். எஸ்றா கொஞ்ச நாளில் வேலையை விட்டுப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சுகன்யா வந்தது அதற்குப் பிறகு. அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடையில் நிற்கிற பெண். கையில் கடி. கூட வந்த அப்பா பூதத்தான் ஆடு மேய்க்கிறவர், எழுத்து அறியாதவர்.

"ஏட்டி, பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்ருவோம். எனக்கு மனசு கேக்க மாட்டேங்கு."

"எப்பா, இங்க பாரு. இம்புட்டு பேரும் ஊசி போடாமலே சரியாப் போச்சுன்னு எழுதியிருக்காவ. எல்லாரும் சேந்தா பொய் சொல்லுதாவ?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, இதக் குடிச்சா குரைக்காம இருப்பேன்லா? சேல எடுக்க வந்தவுக ஓடிரப்படாது."

பூதத்தான் சிரிக்கவில்லை. "நீரு சொல்லும் வே. ஊசி வேண்டாமா?"

நான் வேட்டியைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினேன். "என்னையுந்தான் போன வருசம் கடிச்சிது. பாரும், எப்படி நிக்கேன்னு."

அதில் பொய் ஒன்றும் இல்லை. கடித்த மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனதையும், ஒரு ஊசி விடாமல் போட்டுக்கொண்டதையும் அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவளே எழுதினாள். 'வலி இல்ல. வேலைக்கு வந்துட்டேன்.' கடிபட்ட கையைத் தூக்கிச் சிரிக்கிற போட்டோவும் போட்டாள். நல்ல போட்டோ. அந்த வாரம் நாங்கள் முதலிடத்துக்கு வந்தோம்.

ஒன்றரை மாதம் போல் கழித்து அவளுக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்தது. கடித்த அன்றே வந்திருந்தால் ஊசியிலேயே தீர்ந்திருக்கும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

காரியம் முடிந்து பூதத்தான் வந்தார். சத்தம் போடவில்லை. மகளுடைய போனை நீட்டினார்.

"அவ படத்தப் பாத்து இன்னொருத்தன் இங்கன வந்துரப்படாது. அவ எழுதுன எடத்துலயே எழுதும் வே. எம் மவ செத்துட்டா, ஊசிக்குப் போங்கன்னு. எனக்கு எழுத்து தெரியாதுல்லா."

நியாயமான ஆசைதான். ஆனால் அப்படி ஒரு வரி ஏறினால் பக்கம் கீழே போய்விடும். வைத்தியசாலையை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது. நான் உட்கார்ந்து எழுதினேன்: 'நான் சுகன்யாவின் அப்பா. என் மகள் நன்றாக இருக்கிறாள். வைத்தியருக்கு நன்றி.' ஐந்து நட்சத்திரமும் வைத்தேன். பிறகு எழுத்து எழுத்தாக விரல் வைத்து, அவர் சொன்னதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எம் மவ செத்துட்டா. ஊசிக்குப் போங்க.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இரும் வே" என்றார்.

அதன்பின் வந்து செத்துப்போன இரண்டு பேரைப் பற்றியும் கேட்கிறீர்கள். ஆமாம், அப்பா பெயரில் நான் எழுதிய அந்த வரியை நம்பித்தான் வந்ததாக அவர்கள் என்னிடமே சொன்னார்கள். அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் பூதத்தானைப் பொறுத்தவரை, அவர் மனம் ஆறித்தான் போனார். நான் என்ன எழுதினேன் என்பதை அப்புறம் யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆளை நீங்கள் விசாரிக்க வேண்டும், ஐயா. எழுத்து தெரியாத மனுஷனிடம் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம்.