உள்ரூம் கீபோர்டு

துர்கா: மெயிலு வந்துச்சா?

மணிவண்ணன்: இப்பதானே கேட்டே. வரலம்மா.

துர்கா: திரும்பத் தொறந்து பாத்தீங்களா?

மணிவண்ணன்: பாத்துக்கினுதான் இருக்குறேன். சாயங்காலத்துக்குள்ள ரிசல்ட்டுன்னு போட்டுருக்கான். சாயங்காலம் இன்னும் முடியலியே.

துர்கா: எனுக்கு இருப்பே கொள்ளல.

மணிவண்ணன்: பரீட்சை எழுதினது நானு. இருப்பு கொள்ளாதது உனுக்கா?

துர்கா: எழுதினது நீங்களா?

மணிவண்ணன்: மெதுவாப் பேசு. பக்கத்து வூட்டு ஜன்னலு தொறந்துருக்குது.

துர்கா: ஹால்ல சட்டையெல்லாம் மாட்டிக்கினு கேமரா முன்னாடி பிள்ளையாராட்டம் உக்காந்திருந்தது நீங்க. உள்ரூம்ல கதவச் சாத்திக்கினு, கீபோர்டத் தட்டி, மவுச நகத்தி, மொத்தத்தையும் எழுதினது நானு.

மணிவண்ணன்: சும்மாவா உக்காந்திருந்தேன்? யோசிக்கிற மாதிரி மோவாயத் தடவுனேன். நடுநடுவுல உதட்டக் கடிச்சேன்.

துர்கா: விளையாட்டு உங்களுக்கு. பொண்டாட்டிய வச்சி எழுதினான்னு கண்டுபுடிச்சிட்டா இன்னா ஆவும்?

மணிவண்ணன்: எப்பிடிக் கண்டுபுடிப்பான்? ஹால்ல என் லேப்டாப்பு. அதுல ஓடுற கேள்வி ஒயரு வழியா உன் ஸ்கிரீன்ல தெரியுது. நீ உள்ள தட்டுறது இங்க விழுது. அவனுக்கு என் மூஞ்சி மட்டும்தான்...

துர்கா: அந்த டப்பாவ நெனச்சாலே படபடன்னு வருது.

மணிவண்ணன்: ஸ்விட்ச் பாக்ஸா? அது பாட்டுக்கு நல்லாதானே வேலை செஞ்சிது.

துர்கா: நல்லாவா? ஒண்ண அமுத்துனா நான் ஸ்டாக்கு ஏத்துற புடவைக்கடையோட லேப்டாப்பு, ரெண்ட அமுத்துனா உங்க லேப்டாப்பு. ரெண்டுக்கும் ஒரே கீபோர்டு, ஒரே மவுசு. பரீட்சை நடுவுல புடவைக்கடை ஓனரு போன் பண்றாரு. இன்னாம்மா, ஸ்டாக்கு ஏறவே இல்ல, தூங்கிட்டியான்றாரு.

மணிவண்ணன்: அதுக்குத்தானே அந்த டப்பா. அவருக்கும் வேலை நடந்துச்சு, நமக்கும் நடந்துச்சு.

துர்கா: நடந்த லட்சணம் எனுக்குத்தான் தெரியும். ஒண்ண அமுத்தி ரெண்டு புடவைய ஏத்துறேன். ரெண்ட அமுத்தி ஒரு கணக்கப் போடுறேன். ஒருவாட்டி மறந்துட்டேன். உங்க பதிலு போயி கடை ஸ்டாக்குல உக்காந்துக்கிச்சு.

மணிவண்ணன்: அய்யய்யோ... எதுல?

துர்கா: அரக்கு கலரு முகூர்த்தப் புடவை. நீளம் போடுற எடத்துல அறுபத்தஞ்சுன்னு ஏறிடுச்சு. அது ரயிலோட வேகம்.

மணிவண்ணன்: அறுபத்தஞ்சு மீட்டரா... தேரச் சுத்திக் கட்டலாம்.

துர்கா: சிரிக்காதீங்க. அழிச்சிட்டு வர்றதுக்குள்ள இங்க டைமு ஓடுது. கையெல்லாம் வேர்வை.

மணிவண்ணன்: ஆனா நடுங்கலியே?

துர்கா: இன்னாது?

மணிவண்ணன்: கை. நடுங்குச்சா?

துர்கா: எனுக்கு எதுக்கு நடுங்கணும்? பரீட்சை உங்களுது.

மணிவண்ணன்: அதான்... சும்மா கேட்டேன்.

துர்கா: பாஸாயிட்டீங்கன்னா எப்பக் கெளம்பணும்?

மணிவண்ணன்: எங்க?

துர்கா: எங்கவா? ஐதராபாத்து வேலைக்குத்தான்.

மணிவண்ணன்: ஆங்... அது... மொதல்ல ரிசல்ட்டு வரட்டும்.

துர்கா: ஏங்க, வாலாஜாபாத் பக்கமே வேற எதுவும் கெடைக்காதா?

மணிவண்ணன்: பாக்காமலா இருக்குறேன்? அடுத்த மாசத்தோட கம்பெனில கான்ட்ராக்ட்டு முடியுது. இனிமே எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. இப்ப இத வுட்டா, நமக்கு வேற கதியில்ல துர்கா.

துர்கா: அப்பிடிச் சொல்லாதீங்க.

மணிவண்ணன்: உள்ளதத்தானே சொல்றேன்.

துர்கா: எங்கப்பாவும் வேற கதியில்லன்னுதான் பம்பாய்க்குப் போனாரு. கருடசேவைக்கு கருடசேவை வருவாரு. ஒரு பொம்மை, ஒரு கவுனு. அப்புறம் பஸ் ஏறிடுவாரு. எனுக்கு அவரு அப்பாவாவே தெரியல. திருவிழா மாதிரிதான் தெரிஞ்சாரு.

மணிவண்ணன்: நான் அப்பிடியெல்லாம் போவ மாட்டேன்.

துர்கா: இப்ப சொல்லுவீங்க.

மணிவண்ணன்: நிஜமாத்தான் சொல்றேன். ...சரி, அத வுடு. எப்பிடி எழுதினே, சொல்லு. அப்பருந்து கேக்குறேன், மழுப்பிக்கினே இருக்குறே.

துர்கா: மொதப் பாதி நல்லாவே எழுதினேன்.

மணிவண்ணன்: பின்பாதி?

துர்கா: யாரோ கதவத் தட்டுறாங்க.

பழனி: தங்கச்சி, நான்தான் பழனி. நான் குடுத்த டப்பாவ எடுத்துக்கினு போலாம்னு வந்தேன். ஐயம்பேட்டைலருந்து ஒருத்தரு வந்து என் ரிப்பேரு கடைல நிக்கிறாரு. கம்ப்யூட்டரு ரெண்டு இருக்குது, கீபோர்டு ஒண்ணுதான், சேத்து மாட்டிக் குடுன்றாரு.

துர்கா: எல்லாம் எடுத்து வச்சிட்டேண்ணா. டப்பா, ஒயரு, கீபோர்டு, மவுசு. அந்தப் பையில இருக்குது பாருங்க.

மணிவண்ணன்: சரிபா, கெளம்பு. அவரு நிக்கிறாரு பாரு.

பழனி: ஒரு வாய் தண்ணி குடுக்காமலே தொரத்துறியே.

துர்கா: இந்தாங்கண்ணா. ...அண்ணா, உங்கள ஒண்ணு கேக்கட்டா? கம்ப்யூட்டரு வேலை பாக்குறவரு, உங்களுக்குத் தெரியும்.

மணிவண்ணன்: துர்கா, அவனுக்கு நேரமாவுது.

துர்கா: கேமரா முன்னாடி ஒருத்தரு உக்காந்து, உள்ள வேறொருத்தரு தட்டுனா... அது கேமராவுல கண்டுபுடிக்க முடியுமா?

பழனி: எந்தக் கேமராவுல?

துர்கா: இவரு லேப்டாப்புல இருக்குற கேமராதான்.

மணிவண்ணன்: பழனி...

பழனி: அதத்தான் போன மாசமே கழட்டிட்டேனேம்மா. மாத்துறதுக்குப் பார்ட்டு இன்னும் வரல. அந்த எடத்துல இப்ப வெறும் ஓட்டைதான் இருக்குது. இன்னாப்பா, சொல்லலியா நீ?

மணிவண்ணன்: சொல்றேன். நீ போப்பா.

பழனி: நான் எதுனா தப்பாப் பேசிட்டனா?

மணிவண்ணன்: இல்ல. கதவச் சாத்திட்டுப் போ.

துர்கா: கேமராவே இல்லியா?

மணிவண்ணன்: உக்காரு மொதல்ல.

துர்கா: அப்ப எந்த மகராசனுக்காக மோவாயத் தடவுனீங்க?

மணிவண்ணன்: உனுக்காகத்தான். இந்தப் பரீட்சைக்குக் கேமராவே தேவையில்ல. நீ எட்டிப் பாத்தா நம்பணுமே.

துர்கா: கேமரா இல்லன்னா என்னியப் பக்கத்துல உக்கார வச்சே எழுதிருக்கலாமே. எதுக்கு ஒயரு, எதுக்கு டப்பா, எதுக்கு எனுக்கு இந்தப் படபடப்பு?

மணிவண்ணன்: பக்கத்துல உக்காந்தா பேரப் பாத்திருப்பே. மொதப் பக்கத்துலதான் எழுதுறவங்க பேரு வரும். அத நான் ஹால்லயே தாண்டிட்டு, அப்புறம்தான் உன் ஸ்கிரீனுக்கு ஒயரச் சொருகினேன்.

துர்கா: யாரு பேரு?

மணிவண்ணன்: மெயிலு வரட்டும், சொல்றேன்.

துர்கா: கேக்குறேன்ல. யாரு பேரு?

மணிவண்ணன்: உன் பேரு.

துர்கா: இன்னா சொல்றீங்க?

மணிவண்ணன்: உன் பேரு, உன் டிகிரி, உன் போட்டோ. உன் பேர்ல ஒரு மெயிலு ஐடி போட்டு நான்தான் அனுப்பினேன். நாம யாரையும் ஏமாத்தல. உன் பரீட்சைய நீதான் எழுதினே.

துர்கா: எனுக்கு எதுக்குங்க...

மணிவண்ணன்: பேங்க் பரீட்சைக்கு மெட்ராசு போயி, கேட்டுலயே மயக்கம் போட்டு, வந்த பஸ்ஸுலயே திரும்பினே. அன்னிலருந்து எதச் சொன்னாலும் எனுக்கு வராது, எனுக்கு வராதுன்றே. தோசை ஊத்திக்கினே வட்டிக் கணக்குப் போடுறவளுக்கு வராதாம். உன் பேர்லன்னு சொல்லிருந்தா கீபோர்டு கிட்டயே வந்திருக்க மாட்டே. எனுக்காகன்னதும் கை நடுங்கலன்னு நீயே சொன்னே பாரு. அத மட்டும்தான் நான் நம்பினேன்.

துர்கா: அப்ப ஐதராபாத்து?

மணிவண்ணன்: ஆபீசு மட்டும்தான் அங்க. வேலை வூட்லருந்தேதான். நம்ம செவிலிமேட்டு வூட்ல, இதே உள்ரூம்ல உக்காந்து பாக்கலாம். நான் போவணும்னு நீயா நெனச்சிக்கினே. நானும் ஆமான்னுட்டேன்.

துர்கா: யாரும் எங்கயும் போவத் தேவையில்லியா?

மணிவண்ணன்: தேவையே இல்ல. எனுக்கு வேற வேலை கெடைக்கிற வரைக்கும் உன் சம்பளத்துல சமாளிச்சிடலாம். அப்பிடித்தான் நான் கணக்குப் போட்டு வச்சிருக்குறேன். ...இன்னாம்மா, சந்தோஷப்படுவேன்னு பாத்தா அழுவுறே?

துர்கா: முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேங்க. ஒரே ஒரு வார்த்தை.

மணிவண்ணன்: சொன்னா எழுதிருப்பியா? ...இரு, இரு. மெயிலு வந்துருக்குது. உன் பேர்லதான். வா, நீயே தொற.

துர்கா: வேணாங்க.

மணிவண்ணன்: இன்னும் இன்னா பயம்? உன் கணக்கு தப்பாவுமா?

துர்கா: நீங்க என்னிய வுட்டுட்டு ஐதராபாத்து போயிடக் கூடாதுன்னு... பின்பாதி முழுக்க, சரியான பதிலு எதுன்னு தெரிஞ்சிக்கினே, வேணும்னே தப்பாப் போட்டுட்டேங்க.