சக்கரத்துக்கு எண்ணெய்

அல் கூஸ் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி சுடும் கிளப்பின் சீருடை போட்டிருந்தவர்தான் ஆரம்பித்தார்.

"சத்தம் போடுறேன்னு என் மேல கம்ப்ளைண்ட்டு, தம்பி."

"துப்பாக்கி சுடுற எடத்துலயாண்ணே?"

"ஆமா. ஒரு மெம்பர் ரைஃபிள் முனையில மஸில் பிரேக்னு ஒண்ணு மாட்டியிருக்கார். சுடும்போது துப்பாக்கி அவர் தோள்ல உதைக்காதாம். வெடிச்சத்தம் பூரா பக்கத்துல நிக்கிறவனத்தான் அறையும். ரொம்ப மென்மையான மனுசன். சுட்டு முடிச்சுக் காபி குடிக்கும்போது, நான் காலித் தோட்டா அள்ளுற வண்டிச் சக்கரம் கிறீச்சுன்னு கத்துதாம். அவரால தாங்க முடியலயாம். எண்ணெய் போடச் சொல்லி உடனே ஆர்டர்."

"போட்டீங்களா?"

"போட்டேன். சத்தம் நின்னுச்சா இல்லையான்னுதான் இந்தக் காதுக்குத் தெரியல. நீ ஒருநாள் வந்து கேட்டுச் சொல்லு."