மினுக்கிய பித்தளைச் செம்பு

நெடுந்தீவுப் படகில் மூச்சுவிட இடமில்லை. இத்தனை பேரை ஏற்றியவனைத் திட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த வயதானவர், பையிலிருந்து பளபளக்கும் பித்தளைச் செம்பை எடுத்ததும் மனைவியை முறைத்தார்.

“ஊத்தைக்காகத்தானப்பா இதை ஆசைப்பட்டு வாங்கினனான்.”

“சினேகிதருக்குக் காட்டக் கொண்டுபோறியள். ஊத்தையாக் கொண்டுபோறதே? புளி போட்டு மினுக்கினனான்.”

“பழஞ்சாமான் சேர்க்கத் தொடங்கி இதுதான் முதல் சாமான். அந்தக் கறுப்புத்தான் அதின்ர வயசு. இனிப் பழசெண்டு ஆர் நம்பப்போகினம்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“கோவிக்காதேங்கோ. யன்னலடியில வைப்பம். எங்கட உப்புக்காத்து கெதியாக் கறுப்பாக்கிப்போடும்.”

“இண்டைக்கு அந்தாளுக்கு என்னத்தைக் காட்டுறது?”

“என்னைக் காட்டுங்கோ. என்னிலை உப்புக்காத்து எப்பவோ வேலையை முடிச்சுப்போட்டுது.”

அதற்குமேல் அவரால் முறைக்க முடியவில்லை. சிரித்தபடி செம்பை அவள் மடியில் வைத்தார்.