ஹனாவின் சர்வர்

— இல்ல, இப்பவும் சுவப்பு எழுத்துதான் வருது. மேல இருந்து கீழ வரைக்கும் சுவப்பு.

— கடைசி வரியை வாசி, ரிஸ்மா.

— இங்கிலீஷு. என்னத்தையோ காணல்லன்னு சொல்லுது.

— எதைக் காணல்ல? அந்தப் பேரை வாசி.

— வாசிக்கேன், நில்லுங்க. கண்ணு பூத்துப் போச்சு. காலத்த எட்டு மணிக்கு மெடிக்கல் கடை வேலைக்குப் போயி நின்ன காலு, இப்பதான் வந்து இருந்தேன். சோறுகூட தின்னல்ல.

— தின்னுட்டு வா. நான் லைன்லயே இருக்கேன், கேட்டியா. வெள்ளிக்கிழமை, தோஹாவுல எனக்கு டியூட்டி இல்ல.

— உங்களுக்கு முழு லீவு. எனக்கு அரை நாளாக்கும். தின்னா பின்ன எழும்ப மாட்டேன், உறங்கிருவேன். சொல்லுங்க, முடிச்சிருவோம். ஹனா டியூஷன் கழிஞ்சு வாறதுக்குள்ள இது ஓடணும்லா.

— அப்பம் வாசி.

— ஓஷன்... லிப். ஓஷன் லிப்புன்னு ஒண்ணு இல்லையாம்.

— ஆ, அதாக்கும் காரியம். வள்ளத்து மோடு தனியா ஓடாது, கேட்டியா. அதுக்கு இன்னொரு மோடு துணைக்கு வேணும். நான் அனுப்பினதுல அதை விட்டுட்டேன்.

— மோடு மோடுங்கீங்களே, அது இல்லாம இந்தக் கேம் ஓடாதா?

— ஓடும். வெறும் மண்ணும் மரமுமா, கட்டை கட்டையா இருக்கும். மோடுன்னா ஆளுங்க அவங்கவங்க இஷ்டத்துக்குச் செஞ்சு அதுல சேத்து விடுற சாமான். நம்ம பிள்ளை கேட்டது கடலு. திமிங்கலம் வேணும், வள்ளம் வேணும், வலை வேணும்னு ஒரே பிடியா நிக்கா.

— சன்னலைத் துறந்தா கடலு. அதை ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கா.

— இப்பம் வாட்ஸாப்புல ஒண்ணு அனுப்பியிருக்கேன் பாரு. அதை எடுத்து மத்த மோடு எல்லாம் கெடக்குற ஃபோல்டருக்குள்ள போடு.

— போட்டாச்சு.

— இனி ஸ்க்ரீன்ல எழுத்து ஓடுற அந்தக் கறுத்த சன்னலை அடைச்சிட்டு, மறுபடியும் ஸ்டார்ட்டுல ரெண்டு தட்டு.

— தட்டியாச்சு. எழுத்து ஓடுது. கம்ப்யூட்டர் பெட்டி கரகரன்னு சத்தம் போடுது. உம்மா அடுத்த அறையில உறங்குகா, எழும்பிருவா.

— ஃபேனுல தூசி இருக்கும்.

— தூசியா? துருவாக்கும். குளச்சல் உப்புக்காத்துல பெட்டி முழுக்க துரு ஏறிட்டு. இரும்புக்கடைக்குப் போட்டிரலாம்னு உம்மா சொன்னா. ஹனா விடல்ல. எங்க வாப்பா வாங்கினதுன்னு கட்டிப் பிடிச்சிட்டு நின்னா.

— அப்படியா சொன்னா?

— சொன்னா.

— என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்காளே. வீடியோவுல விளிச்சா, தின்னியா மக்கான்னா ம். படிச்சியான்னா ம். பின்ன போனைக் கட்டில்ல மலத்திப் போட்டுட்டுப் போயிருவா. நான் உங்க வீட்டு ஃபேன் சுத்துறதைப் பாத்துட்டு இருப்பேன்.

— பத்து வயசுப் பிள்ளை. வாப்பாவை நேருல பாத்தே ரெண்டு வருஷம் ஆகப் போவுது. என்னத்தைப் பேசும்?

— ஆனா எங்க ராத்தா மொவன் ஹசன் வச்சிருந்தான்லா ஒரு சர்வரு, எல்லாரும் ஒண்ணா நின்னு விளையாடுற இடம், அதுல வச்சுப் பேசினா. நானும் அவளும் சும்மா குழி தோண்டிட்டு இருந்தோம். தோண்டித் தோண்டி, அவளே வாயத் துறந்தா. கணக்கு டீச்சர் வெளியே நிறுத்தினது, கூட்டுக்காரி பிணங்கிப் போனது, உம்மும்மாக்க முட்டுவலி, எல்லாம் சொன்னா. முகத்தைப் பாக்காண்டாம்னா பேசுகா, கேட்டியா.

— ஹசன் காலேஜுக்குப் போனதும் அதை அடைச்சிட்டான்.

— அதுக்குத்தான் இத்தனை பாடு.

— உங்க ரூமுல வச்சு ஓட்டப்பிடாதா? நான் கெடந்து இந்தக் கறுத்த சன்னலோட மல்லுக்கட்டணுமா?

— இது கம்பெனிக்காரன் நெட்டு. வெளிய இருந்து ஒருத்தரையும் உள்ள விடாது. முன்பின் தெரியாதவன் சர்வருல அவளை விட எனக்கு மனசில்ல. எவன் எவனோ வருவான். வீட்டுல உள்ள பெட்டின்னா நீ பக்கத்துல இருப்ப... அங்க சத்தத்தைக் காணல்லியே?

— கரண்டு போச்சு.

— யூபிஎஸ் உண்டுல்லா?

— அது செத்து எத்தனையோ காலமாச்சு.

— சவம்.

— ஏசாதீங்க. வரும். நான் இந்தத் தரையில கொஞ்சம் காலை நீட்டுகேன். போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், நீங்க பேசுங்க.

— என்னத்தைப் பேச? ... நீ இதுக்குச் சம்மதிப்பேன்னு நான் நினைக்கவே இல்ல. ஜமாஅத்துல வச்சுப் பிரிஞ்ச அன்னைக்கு நீ என் முகத்தைக்கூட பாக்கல்ல.

— பாத்தா அழுதிருப்பேன்.

— கோவம்னு நினைச்சேன்.

— கோவம் எதுக்கு? நீங்க அடிச்சீங்களா, குடிச்சீங்களா? அடுத்த பெருநாளுக்கு வாறேன்னு சொல்லுவீங்க. இந்த ஒரு கான்ட்ராக்டு கழியட்டும்னு சொல்லுவீங்க. அதுல ஒண்ணும் பொய்யில்ல, வரணும்னுதான் நினைச்சீங்க. எனக்குத்தான் காத்திருக்க வல்லாமப் போச்சு. அலுப்பாக்கும் அது. இன்னும் தீரல்ல.

— தெரியும்.

— அந்தத் தெரியும்ங்கிறதைக் கேட்டும் அலுத்துப் போச்சு.

— சரி, சொல்லல்ல.

— ... கரண்டு வந்துட்டு. எழும்புகேன். எம்மா, இடுப்பு.

— பைய. அவசரம் இல்ல. பெட்டி எழும்பி வரட்டும், பின்ன ஸ்டார்ட்டைத் தட்டு.

— தட்டிட்டேன். இப்பம் சுவப்பு இல்ல. வெள்ளை எழுத்தா ஓடுது. ஓடுது... நின்னுட்டு. கடைசில டன்னுன்னு போட்டிருக்கு.

— டன்னா! அப்பம் ஓடிட்டு! இனி ரூட்டரு. வெளிய இருந்து நான் வாறதுக்கு அதுல ஒரு வாசல் துறக்கணும்.

— பாஸ்வேர்டு கேக்குது.

— ரூட்டரைக் கமத்திப் பாரு. அடியில ஒட்டியிருக்கும்.

— பொடி எழுத்து. டார்ச்சு அடிச்சுப் பாக்கேன். கண்ணாடி வாங்கணும்னு இருக்கேன், நடக்கல்ல. ... ஆ, துறந்துட்டு. என்னவெல்லாமோ இருக்கு.

— போர்ட்டுன்னு ஒரு இடம் இருக்கும் பாரு. நான் அனுப்பின நம்பரை அதுல அடிச்சு சேவ் பண்ணு. வேற ஒண்ணையும் தொடாண்டாம்.

— அடிச்சாச்சு. சேவும் ஆச்சு.

— நில்லு, நான் இங்கேருந்து வந்து பாக்கேன். சுத்துது. இன்னும் சுத்துது...

— இங்க ஒரு வரி வந்திருக்கு. ரிஜ்வான் ஜாயின்டுன்னு. உங்க பேரு.

— உள்ள வந்துட்டேன், ரிஸ்மா! யா அல்லா, வந்துட்டேன்! முன்னால கடலாக்கும், நம்ம கடலு மாதியே பச்சை. கரையில ரெண்டு வள்ளம் கெடக்கு. இதைப் பாத்தா பிள்ளை துள்ளுவா.

— துள்ளுவா.

— நீ சிரிச்சியா?

— சிரிச்சிருப்பேன். தெரியல்ல.

— இனி ஒரே ஒரு வேலை, பின்ன நீ போயித் தின்னலாம். வாசல் இப்பம் மலந்து கெடக்கு, எவன் வேணும்னாலும் ஏறி வந்திருவான். யாரு யாரு உள்ள வரலாம்னு பேரை அடிச்சு விட்டா, மத்தவனுக்கு வர ஒக்காது. என் பேரு, ஹனா பேரு. ரெண்டே பேரு.

— நாலு பேரு போடணும்.

— நாலா? ஹசனுக்கு இனி எங்க நேரம்?

— ஹசன் இல்ல. சமீர்னு ஒரு பையன். பின்ன அவனுக்க தங்கச்சி நஸ்ரின், ஹனா பிராயம்.

— யாரு பிள்ளைங்க? நம்ம தெருவா?

— தக்கலை.

— தக்கலையில நமக்கு யாரு இருக்கா?

— இனி நான் இருப்பேன். பெருநாள் கழிஞ்சு எனக்கு நிக்காஹ். அவருக்க பிள்ளைங்கதான் ரெண்டும். அதுங்க உம்மா மவுத்தாயிட்டா. லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— வேற ஆளு சொல்லி நீங்க அறியப்பிடாது. நானே சொல்லணும்னு இருந்தேன்.

— ஹனாவுக்குத் தெரியுமா?

— தெரியும். வாப்பாகிட்ட நீயே சொல்லிக்கோ, நான் சொல்ல மாட்டேன்னுட்டா.

— அந்தப் பெட்டி?

— அதுவும் எங்ககூட வரும். அவருகிட்ட முதல்ல பேசினதே அதைப் பத்தித்தான். பிள்ளைக்க வாப்பா வாங்கினது, ராவும் பகலும் சத்தம் போடும், நிறுத்தப்பிடாதுன்னேன். கொண்டு வா, நடு அறையில வைப்போம்னாரு.

— ஆளு எப்படி?

— பள்ளிக்கூடத்துல கிளார்க்கு. சாயங்காலம் வீட்டுல இருக்குற ஆளு.

— ரிஸ்மா... இது நான் எனக்கும் அவளுக்கும்னு செஞ்சதாக்கும். ரெண்டு பேரு இருந்து பேச. எனக்குன்னு அவகூட வேற ஒரு இடமும் இல்ல.

— அறிவேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. புது வீடு. இவ நடு அறையில இருந்து உங்ககூட சிரிச்சுப் பேசுவா. அந்த ரெண்டும் பின்னால நின்னு எட்டிப் பாக்கும். உம்மா இல்லாத பிள்ளைங்க. எத்தனை நாள் அப்படி நிக்கும்? பின்ன பகையாயிரும். அந்தப் பகைக்குள்ள கெடக்கப் போறது நீங்களும் இல்ல, நானும் இல்ல. ஹனாவாக்கும். வேண்டாம்னா சொல்லிருங்க. ரெண்டு பேரே போடுகேன். உங்க மேல பிணங்க மாட்டேன்.

— அந்தப் பையன் கேமுல என்ன பேரு வச்சிருக்கான்?

— போடட்டா?

— எழுத்துப் பிசகாம அடி. ஒரு எழுத்து மாறினாலும் வெளியதான் நிப்பான். முதல்ல இங்கிலீஷுல ஆட்னு அடி, சேக்குறதுக்கு அதாக்கும். ஒரு இடம் விட்டு அவன் பேரு.

— ஆச்சு. நஸ்ரின் பேரும் அடிச்சாச்சு. உங்களுதும் ஹனாவுதும் ஆச்சு.

— சரி. கரையில ரெண்டு வள்ளம்தான் கெடக்கு. இன்னும் ரெண்டு நான் செஞ்சு போடுகேன். ஹனா வாறதுக்குள்ள முடிஞ்சிரும். கேக்குதா, ரிஸ்மா?

— கேக்குது. மூக்கு அடைச்சிட்டு. நான் போயி சோறு தின்னட்டா?

— தின்னு. அதுக்கு முன்னால ஒரு காரியம்.

— சொல்லுங்க.

— சர்வரு நின்னு போச்சுன்னா இனி உன்னை விளிக்கது மரியாதை இல்ல. அவருக்க நம்பரை அனுப்பு. நான் அவருக்கு ஒரு சலாம் சொல்லிட்டு, எந்த ஒயரைப் பிடுங்கி மாட்டணும்னு சொல்லிக் குடுக்கேன்.