இரைப்பைத் துண்டு

கோழிக் குழம்பு நன்றாகவே இருந்தது, இன்ஸ்பெக்டர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பராசா எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

நைரோபியில் இருந்துகொண்டு, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் சொல்லும் குழுவை நடத்துகிறேன். குழுவில் எல்லோரும் அவரவர் ஊரில், அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள். பராசா இருப்பது கிட்டாலே என்ற ஊர்ப் பக்கம். தூரத்தில் இருப்பவர்களைக் கண்டிப்பதற்குப் பக்குவம் வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது, முகம் பார்த்துப் பேச வேண்டும். புதிய மேலாளர்களுக்கு நானே இதை வகுப்பெடுத்திருக்கிறேன்.

பராசா மட்டும் கேமராவைப் போடவே மாட்டான். திரையில் அவன் இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம்தான். நெட் இழுக்கிறது என்பான், கரண்ட் போய்விட்டது என்பான். ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவனைக் கண்டித்துக்கொண்டிருந்தேன். மைக் மூடியிருக்கிறது என்ற நினைப்பில், பக்கத்தில் யாரிடமோ சொன்னான்.

"பெரியவர் ஆரம்பிச்சுட்டாரு. நான் போய் உகாலிக் களி கிண்டி, உனக்கு ஊட்டிவிட்டு, கையும் கழுவிட்டு வந்துடுவேன். அப்பவும் பேசிட்டுத்தான் இருப்பாரு."

குழுவே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து நான் பேசும்போது எல்லோருடைய மைக்கையும் நானே மூடிவிடுவேன். பராசா ஏதோ சொல்ல வேண்டுமென்று திரையில் கை தூக்கும் குறியைப் பலமுறை போட்டுக் காட்டினான். நான் பேசி முடிக்காததால் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை.

அதனால் நேரிலேயே போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று சர்க்கரையும் ரொட்டியும் வாங்கிக்கொண்டேன். பராசா ஓடி வந்து பையை வாங்கினான். முற்றத்தில் மேய்ந்த சேவலைப் பிடித்து அறுத்து, அவனே சமைத்தான். எங்கள் லூயா ஜனங்களில் கோழியின் இரைப்பை வீட்டுத் தலைவனுக்கு உரியது. மனைவியே ஆனாலும் அதைத் தொட மாட்டாள். தன் பங்கான அந்தத் துண்டை அவன் என் தட்டில் வைத்தான்.

"நீங்கதான் பாஸ் சாப்பிடணும். அன்னைக்கு நான் பேசினது தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க."

சாப்பிட்டேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். சிரித்தது குழு முழுவதும், இதைப் பார்த்தது நான் ஒருவன். மத்தியானக் கூட்டத்துக்கு நேரமாகியிருந்தது. இதே வார்த்தையைக் கேமரா முன்னால் சொல் என்றேன். நியாயமான கோரிக்கைதான்.

வீட்டில் இருந்ததே ஒரு அறை. அவன் மேசைக்குப் பின்னால் கட்டில், கட்டிலில் அவன் மனைவி நெகேசா. இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வில்லை. பராசா குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கேமரா மட்டும் வேணாம் பாஸ். இவ கிடக்கிறத எல்லாரும் பாக்கணுமா? இதச் சொல்லத்தான் கையத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். நீங்க மைக்கத் திறக்கவே இல்ல."

முன்பே சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நான் புரிந்துகொள்கிற மனிதன். என் போனில் கூட்டத்தைத் தொடங்கி, வழக்கம்போல எல்லோர் மைக்கையும் மூடினேன். அவன் கம்ப்யூட்டர் கேமராவை நானே போட்டுவிட்டேன். அவன் கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றான். சேவலை அறுத்த அரிவாள் கதவோரம் சாத்தியிருந்தது, எடுத்தேன். முதல் வெட்டைக் கையால் தடுத்தான், விரல்கள் மேசைமேல் விழுந்தன. அடுத்தது கழுத்தில். விழுந்த பிறகும் கை ஓயும்வரை வெட்டினேன். நெகேசா கட்டிலிலிருந்து உருண்டு, முழங்கையால் தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அவளை நான் தொடவில்லை. அவள் என் ஊழியர் இல்லையே.

பிறகு நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து, சொல்ல வந்ததைக் குரல் உயர்த்தாமல் சொல்லி முடித்தேன். அன்று திரையில் ஒரு கறுப்புக் கட்டம்கூட இல்லை. எல்லோருடைய வாயும் திறந்திருந்தது, சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் நான் பேசி முடிக்கும்வரை, இன்ஸ்பெக்டர், ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை.