ஃபிட்டு இருக்கா

வெளியவே உக்காருங்க சார், உள்ள பொண்ணு படிச்சிக்கினு இருக்குது. மொதல்ல அந்தப் பேனாவ பாக்கெட்ல வைங்க. கையெழுத்து எங்க ஓடியா போவுது.

அந்தப் பேப்பர்ல இன்னா எழுதியிருக்குன்னு படிங்க. தமிழ்ல சொல்ல வேணாம், இங்கிலீஷ்லயே படிங்க. எனக்கு இங்கிலீஷ் வராது. அந்த ஒரு வார்த்த மட்டும் வந்தா தெரியும்.

ம். அதான். ஃபிட்ஸு.

எங்க ஊட்டுக்காரரு சுப்பராயன் உங்க கம்பெனில பதினாறு வருசம் ஃபிட்டரு சார். இந்த சிப்காட்டுல அவரத் தெரியாத ஆளு கெடையாது. மேல கிரேனாண்ட கம்பித் தடுப்பு ஒடஞ்சி தொங்குதுன்னு ஒரு மாசமா ஊட்டுல பொலம்பிக்கினே இருந்தாரு. அங்கருந்துதான் உழுந்தாரு. அன்னிக்கி சாயந்தரமே போய்ட்டாரு. நீங்க இன்னாடான்னா வலிப்பு வந்து உழுந்தாருன்னு பேப்பர் எடுத்துக்கினு வரீங்க. இருவது வருசம் கூட வாழ்ந்தவ நானு. ஒரு நாளு அவருக்குக் கை கால் இழுத்து பாத்ததில்ல.

கத்தல சார். என் கொரலே இப்பிடித்தான்.

எம்பொண்ணு இளமதி போன்ல தேடிப் பாத்துச்சி. ரெண்டும் வேற வேற வார்த்தையாம், எழுத்துதான் ஒண்ணாம். வலிப்புக்குச் சொல்ற ஃபிட்டுக்கு ரொம்பப் பழைய காலத்துல சண்டைன்னு அர்த்தமாம். ஒடம்பு நல்லா கீதுன்னு சொல்றமே, அந்த ஃபிட்டு எங்கருந்து வந்துச்சின்னு வெள்ளக்காரனுக்கே சரியா தெரியலியாம். அப்ப ஒண்ண எடுத்து இன்னொண்ணு எடத்துல வெச்சிட்டா யாருடி கண்டுபுடிப்பான்னு கேட்டேன். போன கீழ வெச்சிட்டு அழுதுச்சி.

பொண்டாட்டியே சொன்னான்னு எழுதியிருக்கீங்க இல்ல? அது பொய்யில்ல சார். நாந்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரில அவர உள்ள தூக்கிக்கினு போனாங்க. நான் தரையில உக்காந்துகினு இருந்தேன். மாஸ்க் போட்டுக்கினு ஒருத்தர் வந்தாரு. டாக்டருன்னுதான் நெனச்சேன். அவருக்கு ஃபிட்டு இருக்கான்னு கேட்டாரு. வருசா வருசம் செக்கப் பண்ணி, ஆளு ஃபிட்டுன்னு கம்பெனில சர்டிபிகேட் குடுப்பாங்களே, அதக் கேக்கறாருன்னு நெனச்சிக்கினேன். இருக்கு சார், வருசா வருசம் உண்டுன்னேன். எத்தினி வருசமான்னாரு. வேலைக்கி சேந்ததுலருந்துன்னேன். எழுதிக்கினு போய்ட்டாரு.

வலிப்புன்னு கேட்டிருக்கலாம். தமிழ் சுத்தமா பேசற ஆளு, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எதுக்கு இங்கிலீஷு?

அந்த சர்டிபிகேட்டு எல்லாத்தையும் காத்தால திருவள்ளூர் போயி லேபர் ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தேன். உன்னாண்ட கேட்ட ஆள அடையாளம் தெரியுமாம்மான்னாங்க. மூஞ்சியே பாக்கல, தெரியாதுன்னுட்டேன்.

கெளம்பறீங்களா? பாத்துப் போங்க, வாசல்ல கல்லு பேந்து கெடக்குது. நீங்க கதவத் தட்டிக் கூப்ட்டப்பவே ஆஸ்பத்திரில கேட்ட கொரலுன்னு தெரிஞ்சிடிச்சி சார். நாளைக்கி மறுக்கா போயி சொல்லிட்டு வந்துட்றேன்.