வெயிலில் கலந்த கறுப்பு

அக்கராயனிலிருந்து கிளிநொச்சி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் படம் கீறுகிற இருவர் இருந்தார்கள். ஒருவரின் நகக்கண்களில் கறுப்புப் பெயின்ற்.

"செத்துப்போன தன்ரை மனுசனைக் கறுப்பாக்கித் தரச்சொல்லி நிண்டவா" என்றார் அவர்.

"ஆர்?"

"படம் கீறச் சொன்ன அக்கா. அவா தந்தது போனிலை எடுத்த படம். போன் தானாய் முகத்தை வெள்ளையாக்கியிருக்கு. நானும் அப்பிடியே கீறிக் குடுத்திட்டன். 'இது ஆர் தம்பி?' எண்டு கேட்டா."

"பிறகு?"

"மத்தியானம் தங்கடை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. வரம்பிலை நிண்டு தன்ரை கையை நீட்டி, 'இதைவிடக் கறுப்பு' எண்டா. அந்த வெயிலுக்குள்ளை நிண்டு கலர் கலந்து முகத்துக்குப் பூசினன். அங்கை அச்சொட்டாய் அதே நிறமாய் இருந்தது. வீட்டுக்குள்ளை கொண்டுவந்து சுவரிலை கொழுவினால் முகம் தெரியேல்லை, சிரிச்ச பல்லு மட்டும் தெரியுது."

"வெயிலிலை கலந்தால் உள்ளுக்கை இருளும்தானே. திருப்பிக் கீறினியோ?"

"பிரஷ்ஷை எடுத்தனான். அவா விடேல்லை."

"ஏன்?"

"'வயலாலை வந்து உள்ளுக்கை நிண்டால் அவர் இப்பிடித்தான் தம்பி, லைற்றை நான்தான் போடுறனான்' எண்டு சொல்லிப்போட்டு, எழும்பிப் போய்ச் சுவிச்சைப் போட்டா."